தாத்தாவின் சவரப் பெட்டி

தாத்தா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் பூசுவதற்காகக் குளியலறையைக் காலி செய்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய சவரப் பெட்டி அகப்பட்டது. அப்பா அதைக் குப்பைப் பைக்கு அருகில் வைத்திருந்தார். நான் எடுத்து ஒளித்துக்கொண்டேன். அப்போது நான் படிவம் நான்கில் படித்துக்கொண்டிருந்தேன். பளபளவென்று ஆக்கிப் பாட்டியிடம் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

அது உள்ளங்கை அகலமே உள்ள நெகிழிப் பெட்டி. அடிப்பகுதி கறுப்பு. மூடி ஒரு காலத்தில் கண்ணாடிபோல் தெளிவாக இருந்திருக்க வேண்டும். அப்போதோ மங்கிப் பழுப்பேறிக் கிடந்தது. ஒரு மூலை உடைந்து, ஒட்டும் நாடாவால் கட்டுப்போடப்பட்டிருந்தது. அந்த மூலையை ஒட்டி, ஆணியால் கீறிய இரண்டு எழுத்துகள்: 'மு.வே.' தாத்தா பெயரின் முதலெழுத்துகள்.

உள்ளே இருந்தது பித்தளையில் செய்து நிக்கல் முலாம் பூசிய கில்லெட் சவரக்கருவி. கைப்பிடியின் அடியில் உள்ள குமிழைத் திருகினால், தலைப்பகுதி இரண்டு கதவுகளாக விரியும். நடுவில் பிளேடை வைத்து மூட வேண்டும். கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டிருந்த உலகத்துக்கு, தேய்ந்ததும் தூக்கிப்போடும் மெல்லிய பிளேடைக் கொண்டுவந்தவர் கிங் கேம்ப் கில்லெட் என்ற அமெரிக்கர். 1903ஆம் ஆண்டு, விற்பனையின் முதல் ஆண்டில், அவரால் விற்க முடிந்தவை 51 கருவிகளும் 168 பிளேடுகளும்தாம்! என் வகுப்பு மாணவர்களின் எண்ணிக்கையைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

தாத்தாவின் கருவியில் குமிழ் அசையவே இல்லை. துணியைச் சுற்றிக்கொண்டு இரு கைகளாலும் திருகிப் பார்த்தேன். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். தாத்தாவும் கடைசிக் காலத்தில் இதைத் திருக முடியாமல்தான் சிரமப்பட்டார். "கையில் வலுவில்லை" என்று சொல்லி அப்பா அவருக்கு ஒருமுறை பயன்படுத்தி எறியும் சவரக்கருவிகளை வாங்கிக் கொடுத்தார். தாத்தாவுக்கு அவை பிடிக்கவில்லை. நாள் தவறாமல் சவரம் செய்தவர், பிறகு நான்கைந்து நாள் தாடியோடு வாசலில் உட்கார்ந்திருப்பார்.

பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து, கருவியை அரை மணி நேரம் ஊற வைத்தேன். புளிக்காடியில் ஊற வைத்தால் விரைவில் சுத்தமாகும் என்று சிலர் சொல்வார்கள். ஆனால், நேரம் கூடினால் முலாமே கெட்டுவிடும். பழைய பல் துலக்கியால் மெல்லத் தேய்த்தேன். பல பல்லாக இருந்த விளிம்பிலிருந்து சாம்பல் நிறச் சவர்க்காரம் கட்டி கட்டியாகப் பெயர்ந்து வந்தது. அதில் சின்னஞ்சிறு வெள்ளை முடிகள். கொஞ்ச நேரம் அந்த நீரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஊற்றிவிட்டேன்.

மூன்றாவது முறை ஊற வைத்த பிறகு குமிழ் 'கிறீச்' என்று அசைந்தது. பாட்டியின் தையல் இயந்திர எண்ணெயில் ஒரு சொட்டு விட்டேன். கதவுகள் விரிந்தன. உள்ளே துருப்பிடித்த பிளேடு ஒன்று அப்படியே இருந்தது. அதைத் தடித்த தாளில் சுற்றி ஒரு தகர டப்பாவில் போட்டேன். தலையின் அடிப்புறத்தில் 'எச்' என்ற ஆங்கில எழுத்தும் 3 என்ற எண்ணும் தெரிந்தன. எழுத்து ஆண்டையும் எண் காலாண்டையும் குறிக்குமாம். இணையத்தில் தேடியபோது, 1962ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டு என்று தெரிந்தது. மலேசியா உருவாவதற்கு முந்தைய ஆண்டு!

அந்த உற்சாகத்தோடு நிறுத்தியிருக்கலாம். பெட்டியையும் ஒரு கை பார்த்துவிட நினைத்தேன். காய்ந்துபோன ஒட்டும் நாடாவை உரித்தேன். பிசின் மட்டும் போகவில்லை. அக்காவின் மேசையில் நகச்சாயம் நீக்கும் திரவம் இருந்தது. பஞ்சில் நனைத்து அழுத்தித் துடைத்தேன். பிசின் போயிற்று. கூடவே மூடியும் இளகிப் பஞ்சில் ஒட்டிக்கொண்டது. துடைத்த இடம் பால்போல் வெளுத்தது. 'மு' பாதி மறைந்தது. 'வே' இருந்த இடமே தெரியவில்லை.

என் வேதியியல் ஆசிரியர் மறுநாள் விளக்கினார். அந்தத் திரவத்தில் இருப்பது அசிட்டோன். மூடியோ பாலிஸ்டைரீன் வகை நெகிழி. உணவு கட்டித்தரும் வெள்ளை நுரைப்பெட்டியும் அதே பொருள்தான். அசிட்டோன் அதைக் கரைத்துவிடும். கரைந்ததைப் பழையபடி ஆக்க வழியில்லை. குளிர்ந்த நீரும் சவர்க்காரமும் மென்மையான துணியும் போதுமாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் மறைத்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் பாட்டியிடம் கொடுத்தேன். அவர் பெட்டியைப் பார்ப்பதற்கு முன்பே பெருவிரலால் மூலையைத் தடவினார். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"கீறல் எங்கே, தம்பி?"

நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. போர்ட் சுவெட்டன்ஹாமில் தாத்தா துறைமுகத் தொழிலாளியாக இருந்தபோது, ஒரு கப்பல் சிப்பந்தியிடம் ஐந்து வெள்ளிக்கு அதை வாங்கியதைச் சொன்னார். தொழிலாளர் குடியிருப்பில் பல பேருக்கு ஒரே தண்ணீர்த் தொட்டி. பொருள் மாறிப்போகாமல் இருக்கத்தான் அந்தக் கீறல். விடியுமுன் இருட்டில் எடுத்துக் கொடுக்கும்போது, தடவிப் பார்த்துத்தான் பாட்டி அடையாளம் கண்டுகொள்வாராம்.

"நான் வேண்டுமானால் மறுபடியும் கீறித் தரட்டுமா, பாட்டி?"

"உன் எழுத்து எனக்கு எதற்கு?" என்றார்.

பிறகு கருவியை எடுத்தார். குமிழை இரண்டு விரல்களால் திருகினார். கதவுகள் சத்தமின்றி விரிந்தன. மூடினார். மீண்டும் திருகினார்.

"இவ்வளவு லேசாகத் திறக்கிறதே! என்ன செய்தாய்?"

"ஒன்றுமில்லை, பாட்டி. உள்ளே சவர்க்காரம் இறுகியிருந்தது. ஊற வைத்தேன்."

பாட்டி வெகுநேரம் பேசவில்லை. "கை தளர்ந்துவிட்டது என்றல்லவா நாம் அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தோம்," என்றார்.

அப்பா வாசலில் சாயத் தூரிகையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். உள்ளே வந்து, பாட்டியின் கையிலிருந்து கருவியை வாங்கி, ஒருமுறை திருகிப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

பாட்டி ஒட்டும் நாடாவைக் கேட்டார். எடுத்து வந்தேன். உடைந்த மூலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தாத்தா ஒட்டியிருந்தது போலவே குறுக்காக ஒட்டினார். அது இல்லாவிட்டால் மூடி நிற்காதாம்.