இடது பக்கம் போகாத ஜாய்ஸ்டிக்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் படிப்பகத்தில் வகுப்பு நடக்கவில்லை. சண்டை கேம் ஆடும் கன்ட்ரோலர் ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். கேள்விப்பட்ட தோழர் ஒருவர், "சிப்காட்டில் காண்ட்ராக்ட் ஆட்களை நிறுத்திக்கொண்டிருக்கிறான், உங்களுக்கு விளையாட்டுச் சாமான் கேட்கிறதா?" என்றார். நியாயமான கோபம்தான். ஆனாலும் பதில் இருக்கிறது.

தொண்ணூறுகளில், நான் ஓசூரில் பள்ளிக்கூடம் படித்தபோது, காசு போட்டு ஆடும் வீடியோ கேம் கடைகள் இருந்தன. ஸ்ட்ரீட் ஃபைட்டர், பிறகு நாங்கள் எல்லோரும் 'முஸ்தபா' என்றே கூப்பிட்ட கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ். நான் போன கடையில் மூன்று மிஷின். காலனிப் பையன்களுக்கு ஓரத்தில் இருந்த ஒன்று மட்டும்தான். போர்டெல்லாம் எழுதி மாட்டவில்லை. முதல் நாள் எந்தத் தெரு என்று கேட்பார், அவ்வளவுதான். மற்ற மிஷின்கள் காலியாகக் கிடந்தாலும் நின்று வேடிக்கை பார்க்கலாம், தொடக்கூடாது.

அந்த ஓர மிஷினில் ஜாய்ஸ்டிக் இடது பக்கம் வேலை செய்யாது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடியவர்களுக்குத் தெரியும், குச்சியைப் பின்னால் இழுத்துப் பிடித்தால்தான் அடியைத் தடுக்க முடியும். இடப்பக்கம் நிற்கும் ஆளுக்கு இடதுதான் பின்பக்கம். எனவே எங்களால் அடிக்க முடியும், தடுக்க முடியாது. சீக்கிரம் தோற்போம். அடுத்த காசு.

சட்டம் படிக்கும்போதுதான் அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவை ஒழுங்காகப் பார்த்தேன். சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக்கூடாத இடங்களைச் சொல்லும்போது கிணறு, குளம், சாலையோடு கடையையும் ஓட்டலையும் சொல்கிறது, பொதுக் கேளிக்கை இடங்களையும் சொல்கிறது. அங்கே தீண்டாமை காட்டுவதை 1955-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அந்த ஓர மிஷினும் அதில் அடங்கும் என்று அன்று எனக்குச் சொல்ல யாருமில்லை. கேளிக்கையை நாமே அற்பம் என்று தள்ளினால் எப்படி, தோழர்?

கன்ட்ரோலர் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பழசாக வாங்கியது. பிள்ளைகளுக்கு டெக்கன் பைத்தியம். லாகூர்க்காரர் அர்ஸலான் ஆஷ் 2019-இல் ஜப்பான், அமெரிக்கா இரண்டு ஈவோ போட்டிகளிலும் ஜெயித்த கதையை எனக்குச் சொன்னதே அவர்கள்தான். ஆறு மாதத்தில் குச்சி தொளதொளத்தது, பட்டன்கள் அமுங்கியபடி நின்றன.

பிரித்தவள் பக்கத்துத் தெருத் தங்கச்சி. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை. ஷிஃப்ட் முழுக்க ஒரே ஒரு கனெக்டரைச் சொருகுவாள், அந்தப் பெட்டி கடைசியில் என்னவாகிறது என்று அவளுக்கு யாரும் காட்டியதில்லை. அடித்தகட்டைக் கழற்றியதும், "இருங்கண்ணா, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றாள். பிறகு எந்த வயர் எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. பட்டனுக்கு இரண்டு வயர். ஒன்று எல்லாவற்றையும் சங்கிலியாகக் கோக்கும் கிரவுண்டு, மற்றது அந்தப் பட்டனுக்கு மட்டும். சுவிட்சின் எந்தக் காலில் எதை மாட்டினாலும் ஒன்றுதான். பக்கவாட்டுக் கொக்கிகளை உள்ளே அழுத்தித் தள்ளினால் முப்பது மில்லிமீட்டர் ஓட்டையிலிருந்து பட்டன் வெளியே வந்துவிடும். குச்சியின் அடியில் உள்ள வெட்டில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு மேல் உருண்டையைத் திருகினோம், கழன்றது.

புதுசை நான் மாட்டினேன். கால் சுற்று திருப்பி மாட்டிவிட்டேன் போல. வலது பக்கம் தள்ளினால் ஆள் எகிறிக் குதிக்கிறான். பிள்ளைகள் சிரித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. அவள் நான்கு ஸ்க்ரூவையும் மறுபடி கழற்றித் திருப்பிப் போட்டாள்.

முதல் ஆட்டம் எனக்கும் அவளுக்கும். எனக்கு இப்போதும் தடுக்க வரவில்லை. மூன்று ரவுண்டும் போனது. "பின்னாடி இழுங்கண்ணா, அது வேலை செய்யுதுல்ல" என்று கத்திக்கொண்டே அடித்தாள்.

இன்னொரு கன்ட்ரோலர் வந்திருக்கிறது, அதில் நாலு பட்டன் போய்விட்டது. வருகிற ஞாயிறு சால்டரிங் அயர்ன் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள்.