பின்வரிசைக்காரர்

அல்சூர்ப் பக்கம் தமிழர் வீட்டுக் கல்யாண ஊர்வலங்களில் டிராம்போன்காரரை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. மெட்டு கிளாரினெட்டுக்கும் டிரம்பெட்டுக்கும், கைதட்டல் டிரம்முக்கு. நீளமான பித்தளைக் குழாயை இழுத்தும் தள்ளியும் நடப்பவர், மற்றவர்கள் விட்ட இடத்தை நிரப்பிக்கொண்டே போவார்.

என் சித்தப்பா அப்படி வாழ்ந்தவர். இருபது வருஷம் ராணுவ பேண்டில். ஓய்வுக்குப் பிறகு பெங்களூர்த் தெருக்களில். ஒருநாள்கூடத் தனியாக வாசித்ததில்லை.

மேல்நாட்டிலும் இந்த வாத்தியத்தின் தலையெழுத்து நெடுங்காலம் இதுதான். 1808இல் அரங்கேறிய பீத்தோவனின் ஐந்தாம் சிம்பனியில், மூன்று பகுதிகள் முடியும்வரை டிராம்போன்காரர்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு வாத்தியத்தை முன்னால் நிறுத்தி, இசைக்குழு முழுவதும் அதற்குத் துணை நிற்கும் கான்செர்ட்டோக்கள் வயலினுக்கும் பியானோவுக்கும் குவிந்தன. டிராம்போனுக்கு இருபதாம் நூற்றாண்டில்தான் கதவு ஓரளவு அகலத் திறந்தது. டென்மார்க்கின் லௌனி குரோண்டால் 1924இல் ஒன்று எழுதினார். ‘காட்ஃபாதர்’ படத்துக்கு இசையமைத்த நினோ ரோட்டா 1966இல் ஒன்று.

என்னை உலுக்கியது அமெரிக்கர் கிறிஸ்டோபர் ரௌஸ் 1991இல் எழுதியது. லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் 1990இல் இறந்தபோது அவர் நினைவாக எழுதப்பட்டது. கான்செர்ட்டோ என்றால் வேகமாகத் தொடங்கி வேகமாக முடிவதுதான் வழக்கம். இது மெதுவாகத் தொடங்கி, நடுவில் மட்டும் வேகமெடுத்து, மறுபடி மெதுவாகவே அடங்குகிறது. கடைசிப் பகுதியில் பெர்ன்ஸ்டைனின் ‘கடிஷ்’ சிம்பனியிலிருந்து ஓர் இழை வந்து போகிறது. கடிஷ் என்பது மறைந்தவர்களுக்காக யூதர்கள் சொல்லும் பிரார்த்தனை. 1992 டிசம்பரில், பெர்ன்ஸ்டைன் பல ஆண்டுகள் வழிநடத்திய நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கே இதை அரங்கேற்றியது. முன்னால் வந்து நின்றவர் அதே குழுவின் டிராம்போன்காரர் ஜோசப் அலெஸ்ஸி. அடுத்த ஆண்டு ரௌஸுக்குப் புலிட்சர் பரிசு.

சித்தப்பாவைக் கேட்க வைத்தேன். அரைமணி நேரம் அசையவில்லை. முடிந்ததும், “கடைசியில இவங்களும் சாவுக்குத்தான் வாசிக்க வச்சிருக்காங்க” என்றார். எத்தனையோ சவ ஊர்வலங்களில் நடந்த கால்கள் அவருடையவை. பிறகு மெதுவாக, “ஆனா உட்கார்ந்து கேட்டிருக்காங்கப்பா” என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியம் என்னை விடுவதாக இல்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஜாரு, டிராம்போனுக்குப் பிறவிக் குணம். கோட்டுவாத்தியத்தைக் கொண்டாடும் நம் காதுக்கு அது அந்நியமே இல்லை. கிளாரினெட்டுக்கு ஏ.கே.சி. நடராஜன் வந்தார், சாக்ஸபோனுக்குக் கதிரி கோபால்நாத் வந்தார். பேண்டில் இருந்த வாத்தியங்கள் மேடையேறின. டிராம்போன் என்றதும் ரசிகர் நாவில் வந்து விழ அப்படியொரு பெயர் இல்லை. குறை வாத்தியத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தெருவில் வாசிப்பவரை உட்கார்ந்து கேட்கும் பழக்கம் நம்மிடம் இல்லை.

பீத்தோவனின் மூன்று பகுதிகள் முடிய அரைமணி நேரம்கூட ஆகாது. சித்தப்பா காத்திருந்தது முப்பது வருஷம்.