ஒருத்திக்கும் ஓர் அடுப்பு

மலையகம் என்றதும் நம் கண்முன்னே வருவது பச்சைத் தேயிலை மலைகளும் கூடை சுமந்த பெண்களும்தான். அந்தப் பெண்களின் அடுப்படியைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

கண்டியிலிருந்து நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்குப் போய், அங்கிருந்து நோர்வூட் பக்கம் திரும்பினால் இருபுறமும் தேயிலைதான். இடையிடையே லயங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, முன்னால் சிறியதொரு இஸ்தோப்பு. பல லயங்கள் ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டவை.

இம்மக்கள் எமக்கு அந்நியர் அல்லர். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின்னர் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து குடியேறிய குடும்பங்கள் ஏராளம். 2009 வரை அவர்களும் எம்மோடு ஒரே பங்கருக்குள் இருந்தார்கள்.

கொழுந்து பறிக்கும் பெண் விடியுமுன்னே எழுந்து வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் சமைத்து வைத்துவிட்டுத்தான் மலைக்குப் போவாள். இப்போது இளையவர்கள் பலர் கொழும்புக் கடைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போய்விட்டார்கள். லயத்தில் மூத்த பெண்கள் தனித்திருக்கிறார்கள். அப்படி ஓர் அம்மாவிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன்.

"ஒத்த வயித்துக்கு எதுக்குப் புள்ள அடுப்பு மூட்டணும்னு சாயத்தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துருவேன். அப்புறம், நானும் ஒரு ஆளுதானேன்னு தோணுச்சு" என்றார்.

இந்தச் சொல் எங்களில் பலருக்குப் பொருந்தும். 2009இல் செட்டிகுளம் முகாம்களில், ஊருக்கே சமைத்துப் போட்ட பெண்கள் சமைத்த சோற்றுக்காகப் பாத்திரத்துடன் வரிசையில் நின்றார்கள். பின்பு வீடு திரும்பியபோது, சிலருக்குப் பரிமாற ஆள் இருக்கவில்லை. பெரிய பானையைப் பார்த்தாலே அழுகை வந்தது. அதனால் சமைப்பதையே விட்டவர்கள் உண்டு.

அந்த அம்மா செய்தது தோட்டத்து ரொட்டிதான். ஒரு காலத்தில் தோட்ட நிர்வாகம் அரிசியையும் கோதுமை மாவையும் கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும். அந்த மாவில் பிறந்த உணவு இது. ஒருவருக்கு அரைச் சுண்டு மா, ஒரு பிடி தேங்காய்ப்பூ, அரிந்த சிறிய வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், அளவாக உப்பு. இளஞ்சூட்டுத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து பத்து நிமிடம் மூடி வைக்க வேண்டும். உள்ளங்கையால் தட்டி, காய்ந்த கல்லில் மெல்லிய நெருப்பில் இருபுறமும் சுட வேண்டும். செத்தல் மிளகாய், வெங்காயம், உப்பு சேர்த்து இடித்துத் தேசிக்காய்ப் புளி விட்டால் சம்பல். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

சோறு, பருப்பு என்றால் மலையில் பொறுமை வேண்டும். நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். சூடு குறைவதால் பருப்பு வேக அதிக நேரம் எடுக்கும். முன்கூட்டியே ஊறவைத்தால் விறகு மிச்சம்.

ஒருவருக்குச் சமைப்பதில் இன்னொரு சிக்கல், மரக்கறி மிஞ்சி அழுகிப்போவது. ஒரு கோவாவை அக்கம்பக்கத்தார் பங்கிட்டு வாங்கலாம். ஒரு கரட், ஒரு லீக்ஸ் போதும், ஒரு நேர வறைக்கு. லீக்ஸின் மடிப்புகளுக்குள் மண் இருக்கும். நீளவாக்கில் பிளந்து நன்றாகக் கழுவுங்கள்.

சகோதரிகளே, சிறியதொரு சட்டியை உங்களுக்கென்று எடுத்து வையுங்கள். சுட்ட ரொட்டியை நின்றபடி விழுங்காமல், கோப்பையில் வைத்து, உட்கார்ந்து, சூட்டோடு சாப்பிடுங்கள். இழந்தவர்களை மறப்பதாக அதற்கு அர்த்தம் இல்லை. அவர்களுக்காக இத்தனை காலம் உழைத்த கைகளுக்கும் பசி உண்டு.