எங்கட கார் எப்படி?



"ஒங்கட கார் எப்படி சேர்? வாங்கலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது 660 சிசி ஜப்பான் கார். 2018இல் வாங்கினேன். நீளம் 3.4 மீற்றருக்குள், எங்கள் ஒழுங்கைக்குள்ளும் திருப்பலாம். 2022இல் கியூஆர் கோட்டுக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் தந்தபோது, பாடசாலைக்குப் போய்வந்தும் மிச்சம் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

பிடிக்காதவையும் உண்டு. ரேடியோ ஜப்பான் அலைவரிசைக்குச் செய்தது. 100க்கு மேலுள்ள நம் எஃப்.எம். ஒன்றும் எடுக்காது. சிக்னலில் நின்றால் என்ஜின் தானாக அணையும். ஏசி வெறும் காற்றாகிவிடும். மகியங்கனை 18 வளைவில் ஏசியை நிறுத்தினால்தான் சுகமாக ஏறும்.

ஆனால் பெரிய குறை வேறு. இந்த வகைக் காரில் நாலு பேருக்குத்தான் இடம். பின்சீட்டில் இரண்டே பெல்ட். வாங்கும்போது உம்மாவோடு நாலு பேர்தான். சின்னவள் பிறந்ததும் ஐந்தானோம்.

அதன்பிறகு எங்கே புறப்பட்டாலும் உம்மா, "எனக்கு முழங்கால் வலி மகன், நீங்க போய்ட்டு வாங்க" என்பார். நானும் நம்பினேன்.

போன பெருநாளைக்கு மனைவியும் பிள்ளைகளும் முன்னரே மாமி வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் சாவியைத் தேடி எடுத்து வெளியே வர, உம்மா காரடியில் நிற்கிறார். உடுத்து, பையும் கையுமாக.

முழங்காலைப் பற்றி நான் கேட்கவில்லை.

இப்போது தூரம் கிட்டவென்றால் இரண்டு தடவை ஓடுகிறேன். முதல் தடவையில் உம்மா.

கார் வாங்கப் போகிறவர்கள் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கேட்குமுன், வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். உம்மாவிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.