ஆறாம் மாடி வெயில்

யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்தவர்களை ஐரோப்பிய வெயில் என்ன செய்துவிடும் என்று எங்கள் வீடுகளில் இன்னமும் கேட்கிறார்கள். பாரிசில் இருக்கும் அக்காவும் 2019 யூலையில் தொலைபேசியில் அதைத்தான் சொன்னார். "சித்திரை வெயிலுக்கை வெறுங்காலோடை பள்ளிக்கூடம் போன நாங்களடா. இது என்ன பெரிய வெக்கை?" சொல்லும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது. கடைகளில் ஒரு ஃபான்கூட மிச்சமில்லை என்பதையும் போகிற போக்கில் சொன்னார். அடுத்த நாள் விடியவே நான் புறப்பட்டேன்.

லண்டனிலிருந்து பாரிசுக்குக் கடலடி றெயினில் இரண்டேகால் மணித்தியாலம் போதும். ஆனால் கடைசி நேரத்தில் அதற்குக் கேட்கும் காசு எனக்குக் கட்டாது. விக்டோரியாவில் பஸ் ஏறினேன், மடியில் ஒரு மேசை ஃபானோடு. டோவரில் எல்லாரும் இறங்கி, பிரெஞ்சு அதிகாரிகளிடம் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டுத் திரும்ப ஏறவேண்டும். வரிசை வெயிலுக்குள் நின்றது. கலே போகும் கப்பலில் ஒன்றரை மணித்தியாலம் கடற்காற்றுக் கிடைத்தது. கரையேறிச் சிறிது தூரத்தில் பஸ்ஸின் குளிரூட்டி நின்றுவிட்டது. யன்னல்களோ திறக்க முடியாதவை. முன் இருக்கையில் கைக்குழந்தையோடு இருந்த தாய் தன் சால்வையைத் தண்ணீரில் நனைத்துப் பிள்ளையின் தலையில் போட்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் கைக்குக் கிடைத்த துணிகளை நனைத்தோம்.

அன்று யூலை 25. பாரிசில் 42.6 பாகை செல்சியஸ். 1947இல் பதிவான 40.4தான் அதுவரை அந்த நகரம் கண்ட உச்சம்.

பேர்சியில் இறங்கி, நேசனில் மெட்ரோ மாறி, லாச்சப்பல் வந்து சேர மாலையாகிவிட்டது. அக்காவின் வீடு ஆறாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. அந்தக் காலத்துப் பணக்காரர் கட்டிய மாடிவீடுகளில் உச்சித் தட்டு வேலைக்காரருக்கானது. வாடகை குறைவென்று பின்னாளில் அங்கே அகதிகள் வந்தார்கள். தலைக்கு மேலே துத்தநாகத் தகட்டுக் கூரை. மாரிக் குளிரை நினைத்துக் கட்டிய கல்லுச் சுவர்கள் பகல் முழுக்கக் குடித்த சூட்டை இரவில் உள்ளே விடுகின்றன. அறை போறணை மாதிரிக் கிடந்தது. அக்கா நிலத்தில் ஈரத் துவாயை விரித்துப் படுத்திருந்தார்.

ஊரில் வெயிலைத் தாங்கியது எங்கள் உடம்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வேப்பமரமும் கிணற்றடியும் விறாந்தையும் கிடுகுவேலியும் சேர்ந்தல்லவா அதைத் தாங்கின! இந்த மாதத்தில் அங்கே சோளகம் வீசும். அது எதுவும் இல்லாத இடத்தில், தாகமே சரியாகத் தெரியாத வயதில், தனியே இருக்கும் ஒருவருக்குப் பிறந்த ஊர் எந்தக் காவலும் தராது.

நான் கொண்டுபோன ஃபானையும் தனியாக நம்ப முடியவில்லை. காற்று 40 பாகையைத் தாண்டினால் அது சூட்டைத்தான் வாரி அடிக்கும். ஈரச் சீலையை அக்காவின் மேல் போட்டு, உப்புப் போட்ட மோரைக் குடிக்கக் கொடுத்து, ஃபானைத் தள்ளி வைத்தேன்.

2003 ஆகஸ்டில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் வெக்கையில் இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள், தனியே வாழ்ந்தவர்கள் பலர். அப்போது அத்தான் உயிரோடு இருந்தார், பிள்ளைகளும் வீட்டில். இப்போது மகள் ரொறன்ரோவில், மகன் சூரிச்சில். 83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு இளம் வயதில் வந்து இறங்கியவர்களுக்கு நாரியும் முழங்காலும் போய்விட்டன. அதே மாடிகளில் இன்னமும் இருக்கிறார்கள்.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு, 2004இல், பிரான்சில் ஒரு சட்டம் வந்தது. தனித்திருக்கும் முதியவர்களின் பதிவேட்டை ஒவ்வொரு மாநகரசபையும் வைத்திருக்கவேண்டும். கடும் வெக்கை வந்தால் பதிந்தவர்களை அழைத்து விசாரிப்பார்கள். விரும்பியவர்கள்தான் பதியலாம். அக்கா பதியவில்லை.

"நான் என்ன அனாதையே? ரெண்டு பிள்ளையள் இருக்க, ஆளில்லாதவள் எண்டு எழுதிக் குடுக்கிறதே?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்த வலியைப் பொய் என்று எப்படிச் சொல்வது? வளர்த்த பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது அவருடைய வாழ்நாள் உழைப்பின் கணக்கு. அதைப் படிவத்தில் ஒரு கோடு அடித்து அழிக்கச் சொல்வதாக அவருக்குப் பட்டது.

மறுநாள் சூடு தணிந்தது. அடுத்த தெருவில் இருக்கும் பருத்தித்துறை அம்மா ஒருவர் தொலைபேசியை எடுக்கவில்லையென்று அக்கா பதறினார். இருவரும் போனோம். கதவைத் திறக்கவே அந்த அம்மாவுக்கு நேரம் எடுத்தது. உதடு காய்ந்து, பேச்சுத் தடுமாறியது. அவசர மருத்துவரை அழைத்தோம், நல்லவேளை, தேறிவிட்டார்.

திரும்பி வந்ததும் அக்கா படிவத்தைக் கேட்டார். "என்ரை பேரை எழுது. அவவின்ரையையும் எழுது." யாரை அழைப்பது என்ற இடத்தில் அந்த அம்மாவுக்குத் தன் இலக்கத்தையே போடச் சொன்னார்.