30 மீட்டர் வாட்ச்

மகள் முதல் சம்பளத்துல வாங்கித் தந்த வாட்ச். பின்பக்கம் 30 மீட்டர்னு போட்டிருக்கும். நம்ம கிணறே 60 அடிதான், அப்புறம் என்ன பயம்னு மடை திருப்புறப்பவும் கழட்டினதில்ல.

போன வாரம் கை சும்மா இருக்காம, கண்ணாடி டம்ளர்ல தண்ணி ஊத்தி உள்ள போட்டுப் பார்த்தேன். சாவி பக்கத்துல இருந்து பொடிப்பொடியா குமிழி. அதை வேடிக்கை பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன் பாருங்க! வாளித் தண்ணியில எத்தனை சைக்கிள் டியூபை முக்கி பஞ்சர் பார்த்த ஆளு நான்! காத்து வெளிய வர்ற இடத்துல தண்ணி உள்ள போகும்னு அப்பத்தான் உறைச்சுது. எடுக்கிறதுக்குள்ள கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி.

வாட்ச் கடைக்காரர் திறந்து காய வச்சார். "அண்ணே, அது அசையாத தண்ணி அழுத்தத்துக்குச் சொன்ன கணக்கு. கை கழுவலாம், தூறல்ல நனையலாம். ரப்பர் வளையம் காய்ஞ்சுட்டா அதுவும் கூடாது." உள்ள ஈரம் இருக்கான்னு பார்க்க, வாட்சை வெதுவெதுப்பாக்கி, கண்ணாடி மேல ஒரு சொட்டு குளிர்ந்த தண்ணி விட்டுத் துடைச்சா போதுமாம். உள்ள பனி படிஞ்சா ஈரம் இருக்கு.

வளையம் மாத்தியாச்சு, ஓடுது. 6க்குக் கீழ ஒரு பழுப்புக் கறை மட்டும் போகல. பொங்கலுக்கு வர்றவ முதல்ல என் கையைத்தான் பார்ப்பா.