உடலுக்கேற்ற உடை

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம் பழமொழி. இளமையில் அதன் பின்பாதியே நம் நினைவில் நிற்கிறது. அறுபதைக் கடந்த பின்னரோ முன்பாதி தன்னை நினைவூட்டத் தொடங்குகிறது. முழங்கால், தோள்மூட்டு, விரற்கணு என ஒவ்வொன்றும் தத்தம் கோரிக்கையை முன்வைக்கின்றன.

நான் 1971ஆம் ஆண்டில் மணமகளாகத் தில்லிக்கு வந்தேன். அன்று தொட்டு அரை நூற்றாண்டு இந்நகரில் நான் உடுத்தியது புடவை ஒன்றையே. அரைகுறை இந்தியில் நான் வாய் திறக்குமுன்னரே கடைக்காரர் என்னை 'மதராசி' என அறிந்துகொண்டது புடவைக் கரையாலும் கூந்தற் பூவாலும்தான். ஆகவே புடவை எனக்கு ஊர்ப்பெயரைப் போன்றதாயிற்று.

எழுபதை நெருங்கியபோது வலத் தோள் இறுகியது. நீரிழிவு உடையோர்க்கு இது மிகுதியாக வரும் என்றார் மருத்துவர். முந்தானையைத் தோளுக்கு மேல் வீசுவதே வேதனையாயிற்று. காலையில் விறைத்திருக்கும் விரல்களுக்குக் கொசுவம் பிடிபடவில்லை. ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர் படிகளில் இறங்குகையில் புடவை விளிம்பு காலடியில் சிக்கியது. கைப்பிடிக் கம்பி கைக்கெட்டியதால் விழாமல் தப்பினேன். இவ்வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன நேரும் என்பதை எங்கள் குடியிருப்பில் இருவரிடம் கண்டிருந்தேன்.

அதன்பின் கோயிலுக்குச் செல்வது குறைந்தது. சங்க விழாக்களுக்கும் ஏதேனும் ஒரு காரணம் கூறி வீட்டிலேயே தங்கினேன். உடுத்துவது தொல்லையாகும்போது முதியோர் முதலில் கைவிடுவது வெளியே செல்வதைத்தான். பிறகு மனிதர் முகம் காண்பது குறைகிறது, நடையும் குறைகிறது, கால்கள் மேலும் தளர்கின்றன.

இதைக் கவனித்த என் மகள் இரண்டு சல்வார் கமீஸ்களைத் தைத்துக்கொண்டு வந்தாள். "அம்மா, இதைப் போட்டுண்டு ஒரு நாள் கோயிலுக்கு வாயேன்" என்றாள். அவை இரண்டு மாதம் அலமாரியிலேயே கிடந்தன. 'தில்லிக்காரியாகவே ஆகிவிட்டாயே' என்று ஊரில் ஓரகத்தி கேட்பாளே என்னும் தயக்கம் எனக்கு.

தயக்கத்தைத் தீர்த்தது என் பாட்டியின் நினைவு. பாட்டி இறுதிவரை ஒன்பது கஜம் கட்டியவர். ஆசிரியையாயிருந்த என் தாய் பேருந்தில் ஏறி இறங்க ஆறு கஜத்துக்கு மாறியபோது, குலமே முழுகிவிட்டதாக அவர் வருந்தினாராம். அந்த ஆறு கஜத்தைத்தான் நான் மரபென்று கட்டிக்காத்து வந்தேன்! கவி தாகூரின் அண்ணியார் ஞானதானந்தினி தேவி 1860களில் கணவருடன் பம்பாயில் வாழ்ந்தார். அங்கே பார்சிப் பெண்டிர் புடவை உடுத்தும் பாங்கைக் கண்டு, ரவிக்கையும் உட்பாவாடையும் சேர்ந்த ஒரு முறையை அமைத்து, வங்கப் பெண்களிடையே பரப்பினார். வெளியூரில் வாழ நேர்ந்த ஒரு பெண் தன் வசதிக்காகக் கண்ட வழி, பின்வந்தோர்க்கு மரபாயிற்று.

இப்போது நடைப்பயிற்சிக்கும் கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் சல்வார் அணிகிறேன். விழாக்களுக்குப் புடவைதான், ஆயினும் கனத்த காஞ்சிப் பட்டுக்குப் பதில் மதுரைச் சுங்குடி. கொசுவத்தை முன்னரே மடித்துத் தைத்து நாடா வைத்தாயிற்று. விளிம்பு தரையைத் தொடாதபடி இரண்டு விரற்கடை உயர்ந்திருக்கிறது. ரவிக்கையின் கைக்குழியைத் தளர்த்தி, கொக்கிகளுக்குப் பதில் பிரஸ் பட்டன் வைத்தார் தையற்காரர். வயது ஏற ஏறத் தசைநார்கள் தளர்ந்து பாதம் அகலுவதால், கால் அளவை மீண்டும் எடுத்து, பின்வாரும் வழுக்காத அடியும் உடைய செருப்பு வாங்கினேன். தில்லிக் குளிருக்குத் தோளை அழுத்தும் ஒரே கம்பளிக்குப் பதில், மெல்லிய கம்பளியாடைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அணிகிறேன். என் கணவரும் முடிச்சு நழுவும் கவலையின்றி, ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டிக்கு மாறிவிட்டார்.

அளவையும் எடையையும் உடலுக்காக விட்டுக்கொடுத்தேன். நிறமும் கரையும் இன்றும் என் விருப்பப்படியே. அரக்கு நிறத்தில் மாம்பழக் கரையிட்ட துப்பட்டாவைத் தேடிக் கரோல் பாக்கில் நான்கு கடை ஏறி இறங்கினேன்.

இளையோர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மூத்தோர் விழாவுக்கு வரவில்லை என்றால், மனமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். உடுத்துவதில் என்ன சிரமம் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிறகு தையற்காரரிடம் அழைத்துச் செல்லுங்கள்.